எல்லைக் கோட்டில் நின்றுவிடும் பேருந்துச் சலுகை

பொதுப் போக்குவரத்து குறித்த நமது விவாதங்கள் பெரும்பாலும் பெருநகரங்களைச் சுற்றியே அமைகின்றன. திருத்தணி போன்ற எல்லையோர ஊர்களின் சிக்கல் அவற்றில் இடம்பெறுவதில்லை.

ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆட்சி எல்லை மாறியபோதிலும் மக்களின் நடமாட்டம் மாறவில்லை. நகரி, புத்தூர்ப் பகுதியினர் முருகனை வழிபட இன்றும் இங்கு வருகின்றனர். நெசவும் வணிகமும் மண உறவும் இரு பக்கமும் கிளைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 'ஸ்திரீ சக்தி' திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால், மாநிலங்களுக்கு இடையிலான சேவைகளுக்கு அது பொருந்தாது. ஆகவே, நகரியில் வாழும் பெண் ஆந்திர அரசுப் பேருந்தில் தொலைவிலுள்ள திருப்பதிக்குக் கட்டணமின்றிச் செல்லலாம். அருகிலுள்ள திருத்தணிக்கு வரவேண்டுமெனில் பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

இந்த முரணின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 88-ஆவது பிரிவின்படி, ஒரு வழித்தடத்தின் இரு முனைகளும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடையே 16 கிலோமீட்டருக்கு மிகாமல் அண்டை மாநிலத்தைக் கடந்தால், அங்கு மேலொப்பம் தேவையில்லை. ஒரு முனை அண்டை மாநிலத்தில் இருந்தால், தூரம் எவ்வளவு குறைவாயினும், மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். அத்தகைய ஒப்பந்தங்களில் இரு தரப்பும் ஓட்டும் கிலோமீட்டர்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதே பொது நெறி.

ஒரு தரப்பு மட்டுமே வருவாய் ஈட்டிவிடாமல் காக்கும் இந்நெறியில் நியாயம் உண்டு. எனினும், அதன் விலையைப் பயணிகளே தருகின்றனர். ஆந்திரமும் தெலங்கானாவும் இதில் உடன்பாடு காணாததால், பொதுமுடக்கத் தளர்வுக்குப் பின்னரும் இரு மாநிலங்களுக்கிடையே அரசுப் பேருந்துகள் ஓடவில்லை. 2020 நவம்பர் 2-இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தெலங்கானாவுக்குள் ஓடிய ஆந்திரப் பேருந்துகள் 1,009-இலிருந்து 638-ஆகக் குறைந்தன. பயணிகளின் தேவை குறைந்ததால் நேர்ந்த குறைப்பு அல்ல இது. கணக்கைச் சமன் செய்ததன் விளைவு.

நெடுந்தொலைவுச் சேவைக்கு வகுத்த அளவுகோலை அன்றாட உள்ளூர்ப் பயணத்துக்கும் பொருத்துவது பொருளியல் நோக்கில் தவறு. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் செல்பவர் ஈட்டும் பயன் போக்குவரத்துக் கழகத்தின் வரவு-செலவில் தெரிவதில்லை. அது இரு மாநிலங்களின் பொருளாதாரத்திலும் கலந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர டிராம் 2014 முதல் ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை ஓடுகிறது. இரு நாடுகளுக்கிடையே இயன்றது இரு மாநிலங்களுக்கிடையே இயலாதா?

இரு அரசுகளும் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, எல்லையோரக் குறுந்தடங்களைத் தனி வகையாக்கி, கிலோமீட்டர் சமநிலைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். இரண்டாவது, அத்தடங்களில் மகளிர் சலுகையைப் பரஸ்பரம் ஏற்க வேண்டும். இரு மாநிலங்களிலும் கட்டணமில்லாப் பயணத்துக்கும் சீட்டு வழங்கப்படுவதால், யார் யாருக்கு எவ்வளவு ஈடுசெய்வது என்பதை மாதந்தோறும் கணக்கிட்டுத் தீர்ப்பது கடினமன்று.

ஆடிக் கிருத்திகைக்குச் சிறப்புப் பேருந்துகள் இயக்குவது பாராட்டுக்குரியது. ஆண்டின் மற்ற நாள்களிலும் எல்லை கடக்க வேண்டியவர்களுக்கு நிலையான ஏற்பாடே தேவை.