ஊட்டுதல் வேறு, செலுத்துதல் வேறு

ஊட்டுதல் என்பது கையோடு பிறந்த சொல். ஊட்டும் கையும் உண்ணும் வாயும் எதிரெதிரே இருந்தாலன்றி அச்செயல் நிகழ்வதில்லை. தாய் பிள்ளைக்கு ஊட்டுகிறாள்; தளர்ந்த காலத்தில் பிள்ளை தாய்க்கு ஊட்டுகிறான். இன்று அந்தச் சொல்லை மெல்லிய குழாய் ஒன்று தனதாக்கிக்கொண்டுவிட்டது. முதுமை மறதி நோயின் இறுதிக் கட்டத்தை எய்தி, பேச்சிழந்து படுக்கையில் கிடக்கும் பெரியவரின் மூக்கில் அக்குழாயைச் செருகுகின்றனர். அவர் அதைப் பிடுங்கி எறிகிறார். மீண்டும் செருகுகின்றனர். மீண்டும் பிடுங்காதிருக்கக் கைகளுக்கு உறையிட்டுக் கட்டுகின்றனர். இவ்வளவையும் செய்துவிட்டு, "உணவூட்டுகிறோம்" என்கின்றனர். இச்செயலுக்கு அன்பு என்று பெயர் சூட்டுவதும் கடமை என்று பெயர் சூட்டுவதும் பிழை.

குழாயின்மேல் குற்றமில்லை. விழுங்கும் தசைகள் செயலிழந்த நோயாளி ஒருவருக்கு 1790ஆம் ஆண்டில் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் விலாங்குமீன் தோல் சுற்றிய குழாய்வழி இரைப்பைக்கு உணவு செலுத்தினார். 1921இல் ஆபிரகாம் லெவின் உருவாக்கிய குழாய் அவர் பெயராலேயே உலகெங்கும் பரவியது. பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்தவருக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களில் குழாய்வழி உணவு தேவைப்படுமானால், வயிற்றில் துளையிடுவதைவிட மூக்குவழியே ஏற்றது என்பதை 2005இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. தொண்டையில் அறுவை நடந்தவருக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாய் புண்ணானவருக்கும் அது உயிர்த்துணை. அவர்கள் அக்கரை சேரும்வரை அது பாலமாக நிற்கிறது. அக்கரையே இல்லாதவர்க்கு அந்தப் பாலம் எதற்கு? வினா இதுவே.

அந்தப் பாலமும் இடரற்றதன்று. நாசித்துளையில் நுழைந்து, தொண்டையைக் கடந்து, இரைப்பையை அடைய வேண்டிய குழாய் வழிதவறி மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடக்கூடும். அதனால், உணவு செலுத்துமுன் இரைப்பை நீரை உறிஞ்சி எடுத்து அதன் அமிலத்தன்மையைச் சோதித்தறிய வேண்டும். அல்லது ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும். காற்றை ஊதி ஒலி கேட்டு முடிவு செய்யும் பழைய வழக்கம் நம்பத்தக்கதன்று எனப் பிரிட்டனில் 2005இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பிடுங்கப்படும் ஒவ்வொரு முறையும் குழாய் மீண்டும் செருகப்படுகிறது. இந்த இடரும் மீண்டும் தலையெடுக்கிறது.

இத்தனை இடரையும் ஏற்கத்தக்க பயன் இறுதிக்கட்ட மறதி நோயாளிக்குக் கிட்டுகிறதா? அமெரிக்கத் தாதிமை இல்லங்களில் இந்நிலையில் இருந்த 323 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர்க்கு உண்பதில் இடர்ப்பாடு தோன்றியது. எனவே, உணவை மறுப்பது அந்நோயின் இறுதி நடையே ஆகும். 1999இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, குழாய் உணவு இத்தகையோரின் வாழ்நாளை நீட்டிக்கிறது என்பதற்கோ, உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் நிமோனியாவைத் தடுக்கிறது என்பதற்கோ சான்றில்லை என்று உரைத்தது. 2012இல் வெளியான ஆய்வு, குழாய் பொருத்தப்பட்டோர்க்குப் படுக்கைப் புண் மிகுதியாக வந்ததைக் கண்டது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல், இறுதிக்கட்ட மறதி நோயாளர்க்குக் குழாய் வேண்டா, கவனத்தோடு கையால் ஊட்டுக என்று அறிவித்தது. இந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை வயிற்றில் துளையிட்டு வைக்கும் குழாயைப் பற்றியவை என்று சிலர் வாதிடலாம். அதனினும் உறுத்தல் மிகுந்த மூக்குக் குழாய், அது தராத நன்மையைத் தரும் என எதிர்பார்க்க என்ன முகாந்தரம் உண்டு?

"பெற்றவரைப் பட்டினி போடுவதா?" என்னும் குரல் உடனே எழும். அக்குரலில் உள்ள வேதனை மெய்யானது. உணவளித்தலை அறத்தின் உச்சியில் வைத்துப் போற்றிய இனத்துக்கு அது இயல்பானதும்கூட. ஆனால், பட்டினி என்பது பசித்தவனுக்கு உணவை மறுப்பதாகும். மரணத்தை நெருங்கிய, ஆனால் தன் உணர்வைச் சொல்லக்கூடிய 32 நோயாளரை அணுகிக் கேட்டறிந்த ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களுள் 20 பேர் பசியையே உணரவில்லை. ஏனையோருள் பெரும்பாலோர்க்குத் தொடக்கத்தில் மட்டுமே பசி இருந்தது. சிறிதளவு உணவும், சில மிடறு நீரும், உதடு நனைத்தலும் அவர்களின் குறையைத் தீர்த்தன. உண்ணாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் உண்ணவில்லை. இவ்வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் விளைந்த துன்பமே கட்டப்பட்ட அந்தக் கைகள்.

கையால் ஊட்டுதல் எளிய வேலையன்று. நோயாளியை நிமிர்த்தி அமர வைக்க வேண்டும்; நீரையும் கஞ்சியையும் தக்கவாறு கெட்டியாக்க வேண்டும்; சிறு கரண்டியால் கொடுத்து, விழுங்கிய பின்னரே அடுத்த கரண்டியை நீட்ட வேண்டும்; முகம் திருப்பினால் நிறுத்த வேண்டும். ஒருவேளை உணவுக்கு அரைமணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். தாதியர் பற்றாக்குறையான இல்லத்திலும், ஒரே பணிப்பெண்ணை நம்பியிருக்கும் வீட்டிலும் அந்த நேரம் எங்கிருந்து வரும்? குழாயில் ஊற்றினால் விரைவில் வேலை முடிந்துவிடுகிறது. ஊட்டக் கையில்லாத குறையை மறைக்க நோயாளியின் கை கட்டப்படுகிறது. இதனை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு வேண்டும். ஆள்பற்றாக்குறைக்கு மருத்துவம் என்று பெயரிடலாகாது.

இதில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் என்ன பங்கு எனலாம். மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ கேட்பதைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழில் எடுத்துரைப்பது பல குடும்பங்களில் படிக்கும் பேரப்பிள்ளையே. "குழாயில் சாப்பாடு கொடுக்கட்டுமா, பட்டினி போடட்டுமா?" என்று அவன் மொழிபெயர்த்தால் விடை அப்போதே முடிவாகிவிடுகிறது. "மூக்கில் குழாய் செருகிச் சத்துநீர் செலுத்தட்டுமா, அவர் ஏற்கும் அளவுக்குக் கையால் ஊட்டட்டுமா?" என்று சொன்னால், குடும்பம் சிந்திக்க இடமுண்டு. ஒரு சொல் ஒருவரின் இறுதி மாதங்களைத் தீர்மானிக்கிறது. கடிதமும் கட்டுரையும் கற்பிக்கும் வகுப்பறை இந்தச் சொற்களையும் கற்பிப்பது தமிழுக்குத் தொண்டாகும்.

வழக்கம் மாறாதது என்று எண்ண வேண்டா. அமெரிக்கத் தாதிமை இல்லங்களில் இறுதிக்கட்ட மறதி நோயாளருள் குழாய் பொருத்தப்பட்டோர் 2000இல் 11.7 விழுக்காடு, 2014இல் 5.7 விழுக்காடு. மக்களின் அன்பு குறைந்ததால் இம்மாற்றம் வரவில்லை. அறிவு பெருகியதால் வந்தது. மருத்துவர்கள் உண்மையைத் தெளிவாகச் சொல்லட்டும். இல்லங்கள் ஊட்டும் கைகளைப் பெருக்கட்டும். குடும்பங்கள் பெரியவரின் நினைவு தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டறியட்டும். பாயசத்தில் ஒரு துளியை நாவில் வைத்தால் கண் மலரும் முதியவருக்கு, அந்தத் துளியே விருந்து. அதனை அவருக்கு மறுத்துவிட்டு மூக்கின்வழி நிரப்பப்படும் குடுவைகள் எத்தனை ஆனாலும், அவற்றால் ஒரு கவளத்தின் கடமையும் தீராது.