ஊரே கலைக்கூடம்

நுழையும்முன்

ஓவியமும் சிற்பமும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் பிறந்தவை அல்ல. சந்தையிலும் தெருமுனையிலும் வழிபாட்டிடத்திலும் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்திலும் அவை பிறந்தன. ஒரு படைப்பை அது பிறந்த இடத்தோடு சேர்த்துக் காண்பது ஏன் தேவை? இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஆர்னோ ஆற்றின் கரையில் அமைந்த புளோரன்ஸ், பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கலையின் போக்கையே மாற்றிய நகரமாகும். மறுமலர்ச்சிக் காலம் என வரலாறு குறிக்கும் அக்காலத்தின் கட்டடங்களும் சிற்பங்களும் ஓவியங்களும் ஒரு பகலில் நடந்து கடக்கக்கூடிய பரப்பிற்குள் செறிந்து கிடக்கின்றன. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அவற்றைக் காண வருகின்றனர். வருவோர் பலர், காண்போர் சிலர். இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றுகிறது என்பதே சிந்திக்கத்தக்கது.

ஒரு பகல், இரு கருத்து

விடுமுறையில் இத்தாலிக்குச் செல்லும் ஓர் இணையருக்குப் புளோரன்ஸில் ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். கணவரின் கருத்து ஒன்று: புகழ்பெற்ற படைப்புகள் எல்லாம் உஃபிட்சி, அக்காதெமியா ஆகிய இரு காட்சிக்கூடங்களில் உள்ளன, முன்பதிவு செய்து அவற்றைப் பார்த்துவிட்டால் வந்த பயன் கிட்டிவிடும். மனைவியின் கருத்து மற்றொன்று: கூடத்திற்குள் அடைபட்டுவிட்டால் ஊரைக் காண்பது எப்போது? ஊரைக் காணாமல் அவ்வூர் ஈன்ற கலையை அறிவது எவ்வாறு?

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், நாள் ஒன்றே எனும்போது ஊரிலிருந்து தொடங்கிக் கூடத்தில் முடிப்பதே ஏற்றது. கூடத்தில் தொடங்குவோருக்குப் பெயர்களும் படங்களும் மட்டுமே நினைவில் நிற்கும். ஊரில் தொடங்குவோருக்கோ, இவற்றைச் செய்வித்தவர் யார், எதற்காகச் செய்வித்தனர் என்னும் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

தொழிற்குழுக்கள் வளர்த்த கலை

மறுமலர்ச்சிக் கலையை மன்னர்களும் செல்வர்களும் மட்டுமே வளர்த்தனர் என்பது பரவலான எண்ணம். புளோரன்ஸின் தெருக்கள் இதனை முழுமையாக ஏற்பதில்லை. மெடிச்சி என்னும் வங்கிக் குடும்பத்தின் பங்கு பெரிதுதான். எனினும், அந்நகரின் கலை வேர்கொண்டது தொழிற்குழுக்களில் ஆகும்.

நகரின் திருமுழுக்குக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்யத் துணி வணிகர் குழு 1401இல் ஒரு போட்டியை அறிவித்தது. பலர் போட்டியிட, இளைஞரான கிபெர்ட்டி வென்றார். போட்டிக்கென அவரும் புருனெல்லெஸ்கியும் வார்த்த தகடுகள் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அருகருகே உள்ளன. தோற்ற புருனெல்லெஸ்கி பின்னாளில் நகரின் தலைமைத் தேவாலயத்திற்குக் குவிமாடம் எழுப்பினார். தரையிலிருந்து மரச்சாரம் கட்டித் தாங்காமலேயே, இரட்டைச் சுவர்களாக, செங்கற்களை மீன்முள் வடிவில் அடுக்கி எழுப்பப்பட்ட அம்மாடம் 1420இல் தொடங்கி 1436இல் நிறைவுற்றது. அத்தேவாலயப் பணியை மேற்பார்வை செய்தது கம்பளித் தொழிற்குழு ஆகும்.

ஓர்சான்மிக்கேலே என்னும் கட்டடம் இதற்கு மேலும் தெளிவான சான்று. தொடக்கத்தில் அது தானியச் சந்தை. பின்னர் வழிபாட்டிடமாகியது. அதன் வெளிச்சுவரில் உள்ள மாடங்களைத் தொழிற்குழுக்கள் பங்கிட்டுக்கொண்டு, தத்தம் காவல் புனிதரின் சிலையை நிறுவின. செல்வம் மிக்க குழுவினர் வெண்கலத்தில் வார்த்தனர். எளிய குழுவினர் பளிங்கில் செதுக்குவித்தனர். கவசமும் வாளும் செய்யும் கொல்லர்கள் டொனாட்டெல்லோவைக்கொண்டு புனித ஜார்ஜின் சிலையை அமைத்தனர். கல்தச்சரும் மரத்தச்சரும் அமைத்த மாடத்தின் அடிப்பகுதியில், உளியும் அளவுகோலும் கொண்டு உழைக்கும் தொழிலாளரே புடைப்புச் சிற்பமாக உள்ளனர். தெருவில் செல்வோர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், கட்டணம் ஏதுமின்றி, இக்கலை நின்றது. யார் சிலை சிறந்தது என்பது ஊரார் பேச்சுக்குரிய பொருளாயிற்று. பலர் கூடிப் பேசும் இடத்தில் கலைஞனின் கை மேலும் கவனமுற்றது.

கலை அழகுக்காக மட்டும் நிற்கவில்லை என்பதற்குப் பட்டுத் தொழிற்குழுவின் கொடை சான்றாகும். பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லம் கட்ட அக்குழு புருனெல்லெஸ்கியை அமர்த்தியது. 1419இல் தொடங்கிய பணி நிறைவுபெற்று, 1445இல் இல்லம் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. மெலிந்த தூண்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட அதன் முகப்பு, மறுமலர்ச்சிக் கட்டடக் கலையின் தொடக்க எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. வளைவுகளுக்கிடையே, நீலப் பின்புலத்தில், துணியால் சுற்றப்பட்ட வெண்ணிறக் குழந்தை உருவங்களை மெருகிட்ட சுடுமண்ணால் ஆந்திரேயா தெல்லா ராபியா 1487இல் அமைத்தார். ஒரு புதிய கட்டடப் பாணியை அரண்மனைக்கு முன் அனாதைக் குழந்தைகளின் இல்லத்திற்கு அளித்தது ஒரு நகரம். இச்செய்தியை எந்தக் கூடத்தின் சுவரிலும் காண இயலாது. அந்தச் சதுக்கத்தில் நின்றுதான் உணர வேண்டும்.

நிற்கும் இடமும் பார்வையும்

இடத்திலிருந்து பிரித்தால் பொருள் குறைந்துபோகும் படைப்புகளும் உண்டு. சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ ஏறத்தாழ 1427இல் வரைந்த திருமூவர் சுவரோவியம் அத்தகையது. தட்டையான சுவருக்குள் ஓர் அறையே குடையப்பட்டிருப்பதுபோல் தோன்றும் வகையில், தொலைவுத் தோற்ற விதிகளைக் கணக்கிட்டு அவர் வரைந்தார். கோடுகள் எல்லாம் வந்து கூடும் புள்ளி, தரையில் நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டியே அமைந்துள்ளது. எனவே, பார்ப்பவர் நிற்கும் இடமும் அவ்வோவியத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அவ்வோவியத்தின் வரலாறும் பாடம் கூறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் அதன் முன் வேறொரு பலிபீடம் எழுப்பப்பட்டு, ஓவியம் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது மேற்பகுதியை மட்டும் பெயர்த்து வேறொரு சுவருக்கு மாற்றினர். கீழ்ப்பகுதியில் கல்லறைமீது கிடக்கும் எலும்புக்கூட்டின் உருவம் 1951இல்தான் வெளிப்பட்டது. மறு ஆண்டில் இரண்டும் பழைய இடத்தில் ஒன்றுசேர்ந்தன. அதன் பின்னரே, நிலையாமையில் தொடங்கி நிலைபேற்றை நோக்கி மேலேறும் ஓவியத்தின் முழுப்பொருள் விளங்கியது. இடம் பெயர்ந்த ஓவியம் தன் பாதியை இழந்திருந்தது என்பதே உண்மை.

ஆற்றின் மறுகரையில் பிராங்காச்சி சிற்றாலயம் உள்ளது. அங்கும் மசாச்சோ வரைந்திருக்கிறார். ஓவிய மாந்தரின்மீது ஒளி விழும் திசையை, அச்சிற்றாலயத்தின் உண்மைச் சன்னல் வழியே ஒளி வரும் திசைக்கு ஒத்ததாக அவர் அமைத்தார். இருபத்தேழு அகவைக்குள் மறைந்த அவ்விளைஞரின் நுட்பத்தைச் சன்னலின்றி எவ்வாறு உணர்வது?

காக்கும் கூடங்கள்

இவ்வாறு கூறுவதால் அருங்காட்சியகங்கள் வேண்டா என்பது பொருளன்று. கணவரின் கருத்திலும் நியாயம் உண்டு எனக் கண்டோம். அதனையும் நடுநிலையோடு எடைபோட வேண்டும்.

மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையை எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் தொடங்கிக் கைவிட்ட பளிங்குப் பாளத்தை ஏற்று, 1501முதல் 1504வரை அவர் அதனைச் செதுக்கினார். ஐந்து மீட்டருக்கும் உயர்ந்த அச்சிலையை எங்கு நிறுவுவது என முடிவுசெய்யக் கூடிய குழுவில் லியோனார்டோ டா வின்சியும் பொட்டிச்செல்லியும் இருந்தனர். இறுதியில், குடியரசின் ஆட்சிமன்றக் கட்டடத்தின் வாயிலருகே சிலை நின்றது. வலியோனை எதிர்த்த எளியோனின் உருவம், தன்னாட்சியைக் காக்க விழைந்த நகரின் அடையாளமாயிற்று. ஆனால், 1527இல் எழுந்த கலகத்தில் அதன் இடக்கை உடைந்தது. வெயிலும் மழையும் பளிங்கை அரித்தன. ஆகவே, 1873இல் அது அக்காதெமியாவிற்கு மாற்றப்பட்டது. பழைய இடத்தில் 1910இல் படி ஒன்று நிறுவப்பட்டது.

1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரையுடைத்து நகருக்குள் புகுந்தது. சாண்டா குரோசே தேவாலயத்துடன் இணைந்த கூடத்திலிருந்த, சிமாபுவே வரைந்த சிலுவையோவியம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்தது. கிபெர்ட்டியின் கதவிலிருந்து தகடுகள் பெயர்ந்து விழுந்தன. தேசிய நூலகத்தின் நூல்கள் சேற்றில் மூழ்கின. நாடெங்கிலுமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் இரவு பகலாக நூல்களையும் ஓவியங்களையும் சேற்றிலிருந்து மீட்டனர். 'சேற்றுத் தேவதைகள்' என மக்கள் அவர்களை அழைத்தனர். கதவின் மூலத்தகடுகள் இன்று அருங்காட்சியகத்தில் உள்ளன. கோயிலில் நிற்பது படியே.

மேலும், எல்லாக் கலையும் ஊருக்கெனப் படைக்கப்பட்டதும் அன்று. பொட்டிச்செல்லியின் வீனசின் பிறப்பு மெடிச்சி குடும்பத்தின் மாளிகையில் இருந்தது. உஃபிட்சி கூடம் 1769இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதால், ஒரு குடும்பத்தின் கண்களுக்கு உரியவை அனைவருக்கும் உரியவை ஆயின. அழியக்கூடியதைக் காப்பதும், அடைபட்டதைத் திறப்பதும் கூடத்தின் கடமைகள். அவற்றை அது செவ்வனே செய்துள்ளது.

ஆயினும், படி நிற்கும் சதுக்கத்தைப் பார்க்காமல் கூடத்திலுள்ள தாவீதை மட்டும் பார்ப்பவர், ஓர் அழகிய உடலைக் காண்பரேயன்றி ஒரு நகரத்தின் உறுதியைக் காணார். மூலம் கூடத்தில் இருக்கட்டும். அதன் பொருளோ சதுக்கத்தில் இருக்கிறது.

ஒரு பெண்ணின் உடன்படிக்கை

இவ்வளவு செல்வமும் புளோரன்ஸிலேயே எஞ்சியது தற்செயல் அன்று. 1737இல் மெடிச்சி மரபின் கடைசி ஆட்சியாளர் வாரிசின்றி இறந்தார். ஆட்சி லொரேன் மரபினரிடம் சென்றது. ஆட்சி மாறும்போது கலைச்செல்வங்கள் வண்டியேறி வேற்றூர் செல்வது அக்கால ஐரோப்பாவின் வழக்கம். இறந்தவரின் தமக்கை அன்னா மரியா லூயிசா அவ்வாண்டிலேயே புதிய ஆட்சியாளருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். தம் குடும்பம் திரட்டிய ஓவியம், சிற்பம், நூல் முதலிய அனைத்தையும் அவர் ஒப்படைத்தார். ஒரே நிபந்தனை, அவற்றில் எதனையும் தலைநகரிலிருந்து அகற்றலாகாது என்பது. அவை நாட்டிற்கு அணியாகவும் மக்களுக்குப் பயனாகவும் அயலாரை ஈர்ப்பனவாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். இன்று அந்நகருக்கு மக்கள் திரள்கின்றனர் எனில், அவ்வெழுத்து அதற்கு ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

தொழிற்குழுக்கள் கலையை ஊரின் நடுவே நிறுத்தின. ஒரு பெண் அதனை ஊரைவிட்டு நீங்காமல் தடுத்தார். இளைஞர்கள் அதனைச் சேற்றிலிருந்து தூக்கினர். கலைஞனின் கை படைக்கிறது. ஊரின் கைகளே நிலைக்கச் செய்கின்றன.

ஆகவே, ஒரே ஒரு பகல் பெற்ற இணையர், காலையில் தேவாலயச் சுவரின் முன்னும் குழந்தைகள் இல்லத்தின் சதுக்கத்திலும் சந்தையாக இருந்த கட்டடத்தின் மாடங்களின் கீழும் நிற்பது நன்று. பிற்பகலில் ஒரே ஒரு கூடத்திற்குச் சென்று, சில படைப்புகளின் முன் மட்டும் அமைதியாக நேரம் செலவிடுவது போதும். பார்க்காமல் விட்டவை பல இருக்கும். எனினும், பார்த்தவற்றை யார், எதற்காக, யாருக்காகச் செய்தனர் என்பது தெரிந்திருக்கும். கலையைக் கற்கும் எவர்க்கும் முதற்பாடம் இதுவே.