பழைய கணினியும் புதிய இயங்குதளமும்



"வீட்டிலிருக்கும் மடிக்கணினி பழையதாகிவிட்டது, புதியது ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று தந்தையிடம் கேளாத மாணவி இன்று அரியவள். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இக்குரல் எங்கள் வகுப்பில் சற்று ஓங்கியே ஒலித்தது. காரணம் இல்லாமல் இல்லை. 2015 சூலைத் திங்களில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. உடனே, "கணினியின் ஆயுளே முடிந்தது" என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம். இயங்குதளத்தை மாற்ற வேண்டும் என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதற்காகக் கணினியையே மாற்ற வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடுமா? நிற்காது. மறுநாள் காலையிலும் அது வழக்கம்போலவே திறந்துகொண்டது. "நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் தொடுகிறாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இதனால்தான். நியாயமான கேள்வியே. ஆயினும் ஓடுவது வேறு, காவலோடு ஓடுவது வேறு அன்றோ? இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் நிரல்களை எழுதி நமக்கு அனுப்பிவைப்பதே ஆதரவு எனப்படுவது. 2017 மே 12 அன்று வான்னகிரை என்னும் நச்சுநிரல் பரவத் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. இதில் வருந்தத்தக்கது யாதெனில், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் நிரல் இரண்டு திங்களுக்கு முன்பே, மார்ச் 14-ஆம் நாள், வெளிவந்திருந்தது. அதை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே அகப்பட்டன.

ஆகவே மாறத்தான் வேண்டும். எதற்கு மாறுவது என்பதில்தான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம் என்று கேட்பதோடு நிற்கவில்லை. கடவுச்சாவிகளைப் பூட்டிக் காக்கும் டி.பி.எம். 2.0 என்னும் சிறு பாதுகாப்புப் பகுதியும் வேண்டுமாம். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டுமாம். எட்டாம் தலைமுறையே 2017 ஆகஸ்டில்தான் பிறந்தது! அதற்கு முன் வாங்கிய மடிக்கணினிகள், ஒன்றிரண்டு நீங்கலாக, பட்டியலில் இல்லை. பழுது ஏதுமின்றி, பெயரில்லாமையாலேயே அவை தள்ளப்பட்டன. இந்தத் தடையைத் தாண்டக் குறுக்குவழிகள் உண்டு என்கிறார்கள். ஆனால் அவ்வாறு ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று அந்நிறுவனமே கூறியிருக்கிறது. காவலுக்காக மாறப் புறப்பட்டு, காவலுக்கே உறுதியில்லாத இடத்தில் போய் நிற்பானேன்?

நம் வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோதுதான் நம்மில் பலருடைய வீட்டுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அக்காள் பள்ளியில் பெற்றது தங்கைக்கும், தங்கையிடமிருந்து சித்தி மகளுக்கும் என்று அது கைமாறி வந்திருக்கிறது. இன்று புதியது வாங்குவதென்றால் எத்தனை தந்தையர்க்கு அது தவணைக் கடன் என்பதை நாம் அறிவோம்.

மாற்று வழி ஒன்று உண்டு. அதுவும் ஒரு மாணவரின் கணினியில் பிறந்ததே. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், தம் சொந்தக் கணினிக்கென எழுதத் தொடங்கியதே லினக்ஸ். இன்று உபுண்டு, மின்ட் எனப் பல பெயர்களில் அது விலையின்றிக் கிடைக்கிறது. மின்ட் 2 ஜி.பி. ராம் போதும் என்கிறது, 4 ஜி.பி. இருந்தால் நன்று. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோசோடு உபுண்டுவும் பாடமாக இருப்பதைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்தோமே! பன்னிரண்டாம் வகுப்புக்குரிய பைத்தான் அதில் தடையின்றி ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவிக்கொள்ளலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. விண்டோசுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் இதில் ஓடமாட்டா. கல்லூரியில் அத்தகையது தேவைப்படுவோர் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

இனி, முக்கியமானதொரு செய்தி. எங்கள் தோழி ஒருத்தியின் மடிக்கணினியை அவள் அண்ணன் ஒரு கடையில் கொடுத்து, "புதிதாக ஏற்றித் தாருங்கள்" என்றார். கடைக்காரர் ஒரு சொல்கூடக் கேளாமல் ஹார்டு டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு ஏற்றினார். ஈராண்டு உயிரியல் குறிப்புகள் போயின. அவற்றை மறுபடி எழுதிக்கொள்ளலாம். மறைந்த ஆச்சியின் குரலைப் பதிந்து வைத்திருந்தாளே, அதை எங்கே போய் எழுதுவது? வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க அரைமணி நேரம்கூட ஆகியிராது. எடுத்த படியைத் திறந்து பார்ப்பதும் வேண்டும். திறவாத படி இருந்தும் இல்லாததே.

தமிழில் தட்டச்சு செய்வோர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கட்டுரையைப் புதிய இயங்குதளத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அஞ்ச வேண்டாம், கட்டுரை அழியவில்லை. அந்த எழுத்துரு மட்டும் புதிய தளத்தில் இல்லை. மாறுவதற்கு முன்பே எழுத்துருக் கோப்பையும் படியெடுத்துக்கொள்க. கூடுமானால் கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றிவிடுக. எங்கள் மன்றத்தின் பழைய நாடகம் ஒன்றை இப்படித்தான் மீட்டோம்.

இவற்றையெல்லாம் யார் செய்வது? "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்பதே பெரும்பாலான வீடுகளின் விடை. கணினி நம்முடையது, குறிப்புகள் நம்முடையவை, இழப்பும் நம்முடையது. வேலை மட்டும் ஏன் அண்ணனுடையது? அடுப்பின் ரெகுலேட்டரை அச்சமின்றிக் கழற்றி மாட்டும் கை, ஒரு பென்டிரைவைச் செருக ஏன் நடுங்க வேண்டும்? கணினிக் கூடத்தில் மாதம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கித் தருமாறு எங்கள் ஆசிரியையிடம் வேண்டினோம். அரையாண்டு விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை கிடைத்தது.

அன்று மூன்று மடிக்கணினிகளுக்கு மின்ட் ஏற்றினோம். முதலாவது முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டது. இரண்டாவது வைஃபையைக் காணாமல் விழித்தது. ஆசிரியையின் கைப்பேசியைக் கம்பியால் இணைத்து, வேண்டிய நிரலை இறக்கிச் சரிசெய்தோம். மூன்றாவதில் எல்லாம் நலமே, ஒலிபெருக்கி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாத மாலைக்கு அதுவே முதல் வேலை.