பார்த்தவர் எழுத வேண்டும்

சித்திரை பிறந்ததும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா தொடங்கிவிடுகிறது. பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று இரவு இரவாகப் போய், பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம், மாலையில் தீமிதி. மறுநாள் செய்தித்தாளில் தீமிதிப் படம் வரும். எத்தனை பேர் தீ மிதித்தார்கள், எந்தப் பிரமுகர் வந்தார் என்பது வரும். துரியோதனன் வேஷம் கட்டியவர் யார், எந்த ஊர் ஜமா, முகவீணை வாசித்தவர் அன்றைக்கு எப்படி வாசித்தார் என்பதெல்லாம் வராது. எங்கும் வராது.

நவீன நாடகத்துக்கும் இதே கதிதான். ஒரு குழு, வேலை முடிந்த மாலைகளில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறது. சொந்தக் காசில் அரங்கு வாடகை கட்டுகிறது. இரண்டு நாள் நடத்துகிறது. நூறு பேர் வந்தால் பெரிய விஷயம். மூன்றாம் நாள் அந்த நாடகம் இல்லை. வெள்ளிக்கிழமை வெளியான சினிமாவைப் பற்றி அன்று மதியத்துக்குள் ஊரே பேசி முடித்துவிடுகிறது. அந்தப் படம் எங்கும் போய்விடாது, பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். அன்றோடு முடிந்துபோகிற கலையைத்தான் எழுத ஆளில்லை.

தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பு உள்ளவர்கள். பம்மல் நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட சம்பந்த முதலியார் 1891-இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிறகு வக்கீலானார், நீதிபதியானார். நாடகம் அவருக்குச் சோறு போடவில்லை. ஆனாலும் 'நாடக மேடை நினைவுகள்' என்று ஆறு பாகம் எழுதி, தன் சபை நடிகர்களின் நிறைகுறைகளைப் பெயர் சொல்லிப் பதிந்துவைத்தார். அந்தக் கால மேடையைப் பற்றி இன்று ஏதாவது தெரிகிறதென்றால், பெரும்பகுதி அவர் எழுதியதால்தான். டெல்லியில் அரசு வேலை பார்த்துக்கொண்டே இசையையும் நடனத்தையும் விமர்சித்தார் சுப்புடு. வெங்கட் சாமிநாதனும் மத்திய அரசு ஊழியர்தான். அலுவலகம் விட்டு வந்த பிறகு கூத்தையும் நாடகத்தையும் தேடிப் பார்த்து எழுதியவர், எழுதியதற்காக வாழ்நாளெல்லாம் பகையும் சம்பாதித்தவர்.

1960-களின் கடைசியில் சேலத்திலிருந்து வந்த 'நடை' சிற்றிதழில் ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகம் அச்சேறியது. அவரே பிறகு தெருக்கூத்தைப் பார்க்கத் தொடங்கினார். பார்த்ததைக் கட்டுரைகளாக எழுதினார், அவை 'அன்று பூட்டிய வண்டி' என்ற நூலாயின. 1977-இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை உருவானது. புரிசை கண்ணப்ப தம்பிரான் அங்கே நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தார். களரிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்த ஒருவரின் எழுத்து ஒரு நாடக இயக்கத்துக்கே அடிப்படையானது. நம் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் 1980-இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நடத்திய நாடகப் பட்டறையைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் கலந்துகொண்டவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்ததுதான். 1990-களில் வெளி ரங்கராஜன் நாடகத்துக்கென்றே 'நாடக வெளி' நடத்தினார். இந்த வரிசை பிறகு மெலிந்துவிட்டது.

நம் வட்டாரக் கூத்தைப் பற்றிப் புத்தகமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆங்கிலத்தில். திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் 1988-லும் 1991-லும் வந்தன. ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் நூல் 1990-இல். கட்டைக்கூத்தைப் பற்றி ஹன்னே டி புருய்ன் எழுதியது 1999-இல். நம் ஊர்களில் வந்து தங்கி, இரவெல்லாம் விழித்து, மொழி கற்று எழுதியவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கூத்து என்றால் என்ன என்று ஆய்வு நூல் சொல்லும். அன்றைக்குக் கூத்து எப்படி இருந்தது என்பதை அந்த வாரத்திலேயே எழுதும் விமர்சனம்தான் சொல்லும்.

பகடைத் துகில் இரவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் பிடித்த துணிக்கு மேலே துச்சாதனனின் கிரீடத்து நுனி தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. முகத்தைக் காட்டாமல் திரைப்பாட்டு நீள்கிறது. மிருதங்கக்காரர் வேகத்தை ஏற்றுகிறார். திரை விலகியதும் கிறுக்கி, அதாவது சுழன்றாடும் அடவு. நல்ல வேஷக்காரர் அந்தச் சுற்றிலேயே களரி முழுவதையும் தன்வசப்படுத்திக்கொள்வார். இப்போது பல இடங்களில் நடுவே தொங்கும் மைக் அவரை அப்படிச் சுற்ற விடுவதில்லை. பாடுகிறவர் அதன் கீழேயே நின்றுவிடுகிறார், அடவு குறுகிவிடுகிறது. மைக் வைக்காதீர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை, பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமே. ஆனால் அதனால் ஆட்டத்துக்கு என்ன ஆனது என்று எழுத வேண்டும். யாரும் எழுதாததால் ஜமாவிலும் யாரும் அதைப் பேசுவதில்லை.

பிறகு சேலையில் கை வைக்கும் கட்டம். பல ஊர்களில் அதற்கு முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் அந்த நேரத்தில் ஊராருக்கு அம்மனேதான். கற்பூரம் அணைந்ததும் இவர் மறுபடி துச்சாதனன் ஆக வேண்டும். அந்த மாற்றம் எங்கிருந்து தொடங்கியது? தோளிலா, குரலிலா, காலிலா? ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுவார், இன்னொருவர் ஒரே அதட்டலில் மாறிவிடுவார். பெஞ்சில் இருந்த பின்பாட்டுக்காரர்கள் அதற்கு இடம் கொடுத்தார்களா, முந்திக்கொண்டார்களா? பாய் விரித்து முன்னால் உட்கார்ந்த பெண்கள் கூப்பிய கையை எப்போது இறக்கினார்கள்? அந்த ஊரில், அந்த இரவில், அந்த வேஷக்காரரை விழித்திருந்து பார்த்தவருக்குத்தான் இவற்றுக்கெல்லாம் பதில் தெரியும். ஊரப்பாக்கத்திலிருந்து இந்த இதழை நடத்தும் நாங்கள் விமர்சனம் என்று கேட்பது இதைத்தான்.

ஆகவே பாதியில் எழுந்து வந்துவிட்டு எழுதக் கூடாது. கட்டியக்காரன் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கும்போதே வீடு திரும்பியவர்தான் கூத்தில் கேலிதான் அதிகம் என்று எழுதுகிறார். கூத்தின் கனம் இறங்குவது பின்னிரவில். ஊரப்பாக்கம்வாசிகளுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தெற்கே போகும் பேருந்துகள் நம் வாசலிலிருந்தே கிளம்புகின்றன. இரவு போய், விடிந்ததும் கிடைக்கிற முதல் வண்டியில் திரும்பிவிடலாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பார்வையாளர்களுக்காகச் சுருக்கி நடத்தும் கூத்தைப் பார்த்தும் எழுதலாம், தவறில்லை. சுருக்கம் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்துப் பாறையில் இருப்பது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று நூறாண்டுக்கு மேலாக விவாதித்துவிட்டோம். அதே தபசை, நட்டுவைத்த மரத்தில் ஏறிப் பாடி ஆடுகிற வேஷக்காரரைப் பற்றி ஒரு பத்தி எழுத நமக்கு நேரம் வரவில்லை.

கர்ண மோட்சத்தைக் காரிய வீட்டிலும் ஆடுவார்கள். இறந்தவருக்காக, குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்க, மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற கட்டம் நடக்கும். அதை விமர்சிக்கலாமா என்று எங்களிடம் ஒரு வாசகர் கேட்டார். அந்த வீட்டுத் துக்கத்தை எழுத நமக்கு அனுமதி இல்லை. வீட்டாரின் பெயரோ படமோ வேண்டாம். ஆனால் கர்ணன் வேஷக்காரர் தன் தொழிலைச் செய்யத்தான் வந்திருக்கிறார், அதைக் கவனித்து எழுதுவது அவருக்கு நாம் செய்கிற மரியாதை. யாரும் எழுதமாட்டார்கள் என்று தெரிந்தும் அவர் அந்த இரவில் தன் பாட்டை முழுசாகப் பாடியிருக்கிறார்.

காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்து கற்று வேஷம் கட்டினார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலையில் இது எவ்வளவு பெரிய திருப்பம்! அந்தப் பெண்கள் களரியில் இறங்கிய இரவுகளை வரிசையாக எழுதிவைத்திருந்தால், ஒரு கலை மாறுகிற விதம் நம் கையில் ஆவணமாக இருந்திருக்கும். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நவீன நாடகத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். இயக்குநர் நண்பர், நடிகை நண்பரின் தங்கை, ஒளியமைத்தவர் நேற்று நம்மோடு டீ குடித்தவர். அதனால் விமர்சனம் ஆசீர்வாதமாகிவிடுகிறது. முயற்சி பாராட்டுக்குரியது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கஷ்டப்பட்டு நாடகம் போட்ட குழுவுக்கு அதைவிட அவமரியாதை இல்லை. இன்னொரு பக்கம், கோஷ்டிப் பகையைத் தீர்த்துக்கொள்ளச் சிற்றிதழ்ப் பக்கங்களைப் பயன்படுத்திய பழக்கமும் நமக்கு உண்டு. இரண்டையும் அச்சிடமாட்டோம். எந்தக் காட்சியில் எந்த நடிகருடைய குரல் எட்டவில்லை, எந்த இடத்தில் ஒளி கதையை முந்திச் சொல்லிவிட்டது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நண்பர் கோபித்துக்கொள்ளட்டும். அடுத்த ஒத்திகையில் அந்த வரி அவருக்கு உதவும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், மற்ற ஊர்களைப் பாருங்கள். 1947-இல் எடின்பரோ விழாவுக்கு அழைக்கப்படாமலே எட்டு நாடகக் குழுக்கள் போய் விழாவின் ஓரத்தில் ஆடின. இன்று அந்த ஓர விழா முதன்மை விழாவைவிடப் பெரியது. அங்கே சிறு குழுக்களின் நாடகங்களை ஓடி ஓடிப் பார்த்து எழுதுகிறவர்களில் சம்பளம் வாங்காத இளைஞர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் அரங்கக் கலைக்கென்றே 'ஆற்றுகை' இதழைக் கொண்டுவந்தது. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் 'மணல் வீடு' சிற்றிதழை நடத்திக்கொண்டே கூத்துக் கலைஞர்களைக் கூட்டி விழாவும் எடுக்கிறார். கிராமத்திலிருந்து ஒரு சிற்றிதழ் இதைச் செய்ய முடிகிறபோது, ரயிலும் நெடுஞ்சாலையும் இருக்கிற ஊரப்பாக்கத்திலிருந்து நாம் செய்ய முடியாதா?

அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்களைக் கூத்து, நாடக விமர்சனத்துக்கென்று ஒதுக்குகிறோம். முன் அனுபவம் வேண்டாம். கல்லூரி மாணவர் எழுதலாம், கம்பெனி ஷிஃப்ட் முடித்து வருகிறவர் எழுதலாம், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதலாம். ஊர், தேதி, ஜமா அல்லது குழுவின் பெயர், ஆட்டம் தொடங்கிய நேரம், நீங்கள் எதுவரை இருந்தீர்கள் என்பது கட்டாயம் வேண்டும். வாத்தியார், வேஷக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, பின்பாட்டு என ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். விடிந்து அரிதாரம் கலைக்கும்போது கேட்டால் சொல்வார்கள். சன்மானம் தர எங்களிடம் பணம் இல்லை. பேருந்துக் கட்டணமும் அந்த ஜமாவுக்கு அனுப்ப இரண்டு பிரதிகளும் தருவோம். கையெழுத்துப் பிரதியானாலும் அனுப்புங்கள், தட்டச்சு செய்துகொள்கிறோம். ஆட்டம் முடிந்த பத்து நாளுக்குள் வந்து சேர வேண்டும்.