ஒரே வீட்டில் விதையை வைக்கலாமா?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. சாமை, தினை, கேழ்வரகு விளையும் மலை அது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு அங்கே பல ஊர்களில் விதை வங்கிகள் அமைக்கப்பட்டன. எதற்காக? ஓர் ஊரில் விதை கெட்டாலும், பக்கத்து ஊரில் வாங்கி விதைக்கலாம் அல்லவா?

விதைக்கு வேண்டிய இந்தக் காவல் புத்தகத்துக்கும் வேண்டும்.

ஓரியின் புகழ்

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் புகழைப் பாடுகிறது புறநானூறு. அதன் ஓலைச்சுவடிகள் பல இடங்களில் இருந்தன. உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடித் திரட்டினார். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை களைந்து, 1894-ம் ஆண்டில் அச்சிட்டார். அப்படித் தேடியும் 400 பாட்டுகளில் 2 பாட்டுகள் கிடைக்கவே இல்லை. போனது போனதுதான்!

1981-ம் ஆண்டு யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதோடு போயின.

கம்ப்யூட்டர் போதுமா?

இன்று பழைய நூல்களைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்தப் பணியைச் செய்கிறது. ஈழத்து நூல்களுக்காக 2005-ம் ஆண்டில் 'நூலகம்' என்ற மின்நூலகம் தொடங்கப்பட்டது. இவை நல்ல பணிகள். ஆனால், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கவலை தீர்ந்தது என்று நினைப்பது தவறு. ஓலையைச் செல் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் இருப்பது கெட்டால், திறந்து பார்க்கும்வரை தெரியாது!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகம் இதற்கு ஒரு வழி கண்டது. அதன் பெயர் 'லாக்ஸ்'. பல நூலகங்கள் ஒரே நூலின் பிரதியை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்கின்றன. அவற்றின் கம்ப்யூட்டர்கள் அந்தப் பிரதிகளை அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒரு பிரதி கெட்டிருந்தால், மற்றவற்றைக் கொண்டு சரி செய்துவிடுகின்றன. சாமிநாதையர் கையால் செய்த ஒப்பிடும் வேலையை இங்கே எந்திரம் செய்கிறது.

கூட்டுக் காவல்

தமிழ் நூலகங்களும் இப்படிக் கைகோக்க வேண்டும். "எங்களிடம் மட்டுமே இருக்கிறது" என்பது பெருமை அல்ல, ஆபத்து! கொல்லிமலை மக்களின் பாட்டையும் கதையையும் யாராவது பதிவு செய்தால், அதன் பிரதி நாமக்கல்லில் இருக்கட்டும், சென்னையில் இருக்கட்டும், கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் இருக்கட்டும். கொடுத்தால் நூல் குறையாது. கொடுக்காமல் பூட்டினால், ஒருநாள் பூட்டு மட்டுமே மிஞ்சும்.