காசிலும் தமிழுக்கு இடமில்லையா?

தஞ்சைப் பெருங்கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக, 2010 ஆம் ஆண்டைப் பொறித்து நடுவண் அரசு ஆயிரம் உருபா வெள்ளிக் காசு ஒன்றை அடித்தது. எடை 35 கிராம், வெள்ளி நூற்றுக்கு எண்பது பங்கு, எஞ்சியது செம்பு. இந்திய அரசு ஆயிரம் உருபா மதிப்பில் அடித்த முதற்காசு அதுவே. தமிழனின் கற்றளிக்குக் கிடைத்த பெருமை என நாம் மகிழலாம். ஆனால் காசைப் புரட்டிப் பார்த்தால் மகிழ்ச்சி மங்குகிறது. கோயிலின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது, தமிழில் இல்லை. பெயரும் பெருவுடையார் அன்று, இராசராசேச்சரமும் அன்று. வடமொழியாக்கிய பிருகதீசுவரர்!

வடசென்னையில் தங்கசாலைத் தெரு இன்றும் உள்ளது. இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளியும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளியும் அறிந்த பெயர் அது. காசு அடித்த இடம் என்பதால் வந்த பெயர். கிழக்கிந்தியக் கும்பினி 1807-08 அளவில் சென்னையில் அடித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் கோயிற் கோபுரம். சுற்றிலும் ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் திருமால் உருவம். சுற்றிலும் தமிழும் தெலுங்கும். தமிழ்மேல் கொண்ட அன்பினாலா செய்தான் வெள்ளையன்? இல்லை. மக்கள் கையில் காசு செல்லவேண்டுமாயின், மக்கள் எழுத்து அதில் இருக்கவேண்டும் என்னும் வணிக அறிவினால் செய்தான். சுரண்ட வந்தவனுக்கு இருந்த அறிவு, நம் வரிப்பணத்தில் ஆள்வோர்க்கு இல்லாமற் போனது ஏன்?

சோழர் காசிலேயே நாகரி எழுத்து இருந்ததே என்பார் உளர். உண்மைதான். ஆயினும் அதே இராசராசன், தான் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கோயிற் சுவரில் தமிழிலேயே வெட்டுவித்தான். அச்சுவரை நினைவுகூரும் காசில் அச்சுவரின் மொழிக்கு இடமில்லை என்பது எவ்வகை நயன்மை?

இயலாது என்று கைவிரிக்கவும் வழியில்லை. 2009 இல் வெளிவந்த அறிஞர் அண்ணா நூற்றாண்டுக் காசில் அவர்தம் தமிழ்க் கையெழுத்து உண்டு. 2024 இல் வெளிவந்த கலைஞர் கருணாநிதி நூற்றாண்டுக் காசில் 'தமிழ் வெல்லும்' என்னும் தொடர் தமிழெழுத்திலேயே உள்ளது. வற்புறுத்திக் கேட்டால் கிடைக்கிறது; வாளாவிருந்தால் மறுக்கப்படுகிறது. தலைவர்க்குக் கிடைத்த இடம் தலைவர்களைப் பெற்ற மண்ணுக்கும் கிடைக்கவேண்டும்.

1856 இல் திறக்கப்பெற்ற இராயபுரம் தொடர்வண்டி நிலையம், இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது. நாளை அதற்கும் ஒரு வெள்ளிக்காசு அடிக்கப்படலாம். திருவொற்றியூர்க் கோயிலுக்கும் அடிக்கப்படலாம். அவற்றைக் கட்ட மண்ணும் கல்லும் சுமந்தவர்தம் மொழி அக்காசுகளில் இருக்குமா? தமிழகத்து நினைவிடம் எதற்குக் காசு அடித்தாலும் அதன் தமிழ்ப்பெயர் தமிழெழுத்தில் இடம்பெறவேண்டும் எனத் தமிழக அரசும் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களும் நடுவண் அரசை இன்றே வற்புறுத்துக! காசு வார்த்தபின் கண்ணீர் வடிப்பதில் பயனில்லை; அச்சு வெட்டுமுன் குரல் எழவேண்டும்.