ஆன்டிக், விண்டேஜ், மாடர்ன்... ஹாலுக்கு எந்த திவான் சரி?

ஆன்லைன் கடைகளில் ‘டேபெட்’ என்று தேடினால் வந்து நிற்பது வேறொன்றுமில்லை, நம்ம வீட்டு திவான்தான். பகலில் உட்கார, ராத்திரி படுக்க. சோபா செட் போட்டால் நடக்க இடமில்லாமல் போகும் வாடகை ஃபிளாட்டுகளில், ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தால் படுக்க வைக்க இதைவிடத் தோதான பொருள் கிடையாது.

சிக்கல், எதை வாங்குவது என்பதில்தான். காரைக்குடி தேக்குக் கட்டில், பிரம்பு பின்னிய ரெட்ரோ மாடல், அடியில் பெட்டி வைத்த புது மாடல்... மூன்றும் அழகுதான். மூன்றிலும் ஏமாறவும் வழி இருக்கிறது. பொருளின் வயதைப் பார்த்து வாங்குவதைவிட, அதில் யார் படுக்கப் போகிறார்கள் என்று பார்த்து வாங்குவதே லாபம்.

ஆன்டிக்: கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்

பொதுவாக 100 வயதைத் தாண்டியதுதான் ஆன்டிக். அதற்கும் இளையது, ஆனால் தன் காலத்தின் முத்திரை தெரிவது விண்டேஜ். கடைகளில் இந்த இரண்டு சொற்களும் இஷ்டத்துக்குப் புழங்குகின்றன.

தமிழ்நாட்டில் பழைய மரச்சாமான் என்றாலே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருதான் முதலில் நினைவுக்கு வரும். நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் அங்கிருந்து வந்த தேக்கில் உருவானவை செட்டிநாட்டு வீடுகள். அந்த வீடுகள் பிரிக்கப்படும்போது தூண், கதவு, கட்டில் எல்லாம் கடைக்கு வருகின்றன.

‘பழசு’ என்று காட்டப்படுவதில் மூன்று ரகம் உண்டு. முழுதாகவே பழைய கட்டில். பழைய கதவையும் உத்தரத்தையும் அறுத்துப் புதிதாகச் செய்த திவான். புது மரத்தில் கறுப்பு பாலிஷ் ஏற்றியது. இரண்டாவது ரகம் மோசமில்லை. நன்கு காய்ந்த மரம் என்பதால் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் அதை ஆன்டிக் விலைக்கு வாங்கக் கூடாது. மூன்றாவதைப் புதுக் கட்டிலின் விலைக்கு மேல் கேட்டால் நகர்ந்துவிடலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி, கட்டிலைக் கவிழ்ப்பது. அடிப்பக்கம் சீரற்ற இழைப்புத் தடங்களோடு மங்கிப்போய் இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளைவுட், ஸ்டேப்ளர் பின் தெரிந்தால் சந்தேகப்படலாம். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பின்னாளில் ரிப்பேருக்குப் போட்டிருக்கவும் கூடும் என்பதால், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தாலோ, சிறு துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தாலோ உள்ளே உளுத்துப் போயிருக்கிறது என்று பொருள். மூட்டு இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

இன்னொரு விஷயம், சட்டம். 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ‘நாளைக்கு ஃபாரின்ல செட்டில் ஆனா கூடவே கொண்டுபோயிடலாம்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது.

விண்டேஜ்: பெயருக்கு எவ்வளவு விலை?

விண்டேஜ் மோகத்துக்குச் சரியான உதாரணம் சண்டிகர். லெ கொர்பூசியே திட்டமிட்ட அந்த நகரின் அரசு அலுவலகங்களுக்காக, 1950-களில் அவருடைய உறவினர் பியர் ஜன்னரே குழுவினர் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள், மேசைகள், திவான்களை வடிவமைத்தனர். பிற்காலத்தில் அலுவலகங்கள் காயலான் சாமானாகக் கழித்துப்போட்ட அதே பொருட்கள், வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின. விளைவு, சந்தை முழுக்க ‘சண்டிகர் ஸ்டைல்’ நகல்கள்.

நகல் வாங்குவது தப்பில்லை, நகலின் விலைக்கு வாங்கும்வரை. ஆனால் பிரம்புப் பின்னல் உட்கார்வதற்குச் சுகம். தினமும் ஒருவர் படுத்தால் நாளடைவில் தொய்ந்துவிடும். திரும்பப் பின்ன ஆள் தேடி அலைய வேண்டும். தலைமாட்டில் பிரம்பு, படுக்கும் இடத்தில் பலகை என்று இருப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மாடர்ன்: மரமா, மரத்தூளா?

புது மாடல்களின் பலம் வசதி. அடியில் போர்வை, தலையணை வைக்கலாம். சிலவற்றில் உள்ளிருந்து இன்னொரு படுக்கையை இழுத்துக்கொள்ளலாம். ரெடிமேட் மெத்தையும் சரியாகப் பொருந்தும்.

பலவீனம், பல மலிவு மாடல்கள் பார்ட்டிகிள் போர்டு. அதாவது, பசை போட்டு அழுத்திய மரத்துகள். ஈரம் பட்டால் உப்பிவிடும். கழற்றிக் கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. 11 மாத அக்ரிமென்ட்டில் வீடு மாறுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. கட்டை மரம், நல்ல பிளைவுட், இரும்பு ஃபிரேம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தரையோடு ஒட்டிய பெட்டியைவிட, கீழே துடைப்பம் போகிற மாதிரி கால் வைத்தது நல்லது. கரையான் வந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும்.

டேப் எடுத்துக்கொண்டு போங்கள்

* உயரம்: மெத்தையோடு சேர்த்து 17, 18 அங்குலம் இருக்கட்டும். போட்டோவில் அழகாகத் தெரியும் தாழ்வான திவானிலிருந்து முழங்கால் வலி உள்ள பெற்றோர் எழுந்திருக்க முடியாது.
* அகலம்: படுக்க 36 அங்குலம் சௌகரியம். ஆனால் உட்காரும்போது முதுகு சுவரை எட்டாது. இரண்டு திண்டுக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும்.
* மெத்தை: பழைய கட்டில்களின் அளவு இன்றைய மெத்தைகளோடு ஒத்துப்போவது அரிது. அளவு கொடுத்து இலவம்பஞ்சு மெத்தை தைத்துக்கொள்ளலாம்.
* வழி: லிஃப்ட்டில் ஏறுமா, மாடிப்படியில் திரும்புமா? கழற்ற முடியாத கட்டில் என்றால் வாங்கும் முன்பே அளந்துவிட வேண்டும்.

கடைசியில் எது?

சொந்த வீடு, தரைத்தளம் என்றால் உறுதியான பழைய தேக்குக் கட்டிலுக்குச் செலவழிக்கலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குக் கழற்றி மாட்டும் எளிய புது திவானே போதும். விண்டேஜ் பெயருக்காகக் கடன் வாங்கவோ இ.எம்.ஐ. கட்டவோ தேவையில்லை.

கடைக்குப் போகும் முன் ஊருக்கு ஒரு போன் போடலாம். தாத்தா காலத்துக் கட்டில் பல வீடுகளில் பின்கட்டில் சாத்தியே கிடக்கிறது. ‘இடத்தை அடைக்குது’ என்று அதைப் பழைய சாமான்காரரிடம் சொற்பக் காசுக்குத் தள்ளிவிட்டு, அதே மாதிரி ஒன்றை நகரத்து ஷோரூமில் பல மடங்கு கொடுத்து வாங்கும் கூத்துதான் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு தச்சர் மூட்டை இறுக்கி, பாலிஷ் போட்டுக் கொடுத்தால் அந்தக் கட்டில் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், பெரும்பாலும் அதுவே மலிவு.